முகர்வோர் பிரிவில் நான்

விஸ்கியைக் குடிக்காமலே விஸ்கி கற்றுக்கொள்ளலாம் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், அவரை ஏற இறங்கப் பார்த்திருப்பேன். இப்போது அதற்கு நானே சாட்சி. மழைக்காலத்தில் தொடங்கிக் கோடை வரை வெள்ளிக்கிழமை தவறாமல் போய், ஒரு சொட்டுகூடத் தொண்டையில் இறங்காமல், அந்தக் கலையில் பெயரெடுத்தவன் நான்.

ஆசைப்பட்டுப் போகவில்லை. கட்டிய மனைவியோடு ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பதற்காகப் போனேன்.

என் வேலை குழாய் விற்பது. குழாய், ஷவர், வாஷ்பேசின் என்று பாத்ரூமுக்குள் பளபளப்பாக இருக்கும் எல்லாவற்றையும் விற்கும் கம்பெனியில் சீனியர் விற்பனையாளன். என் மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவள் ஆஸ்பத்திரி இருப்பது கடலோர ஊரில், இங்கிருந்து ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் குடும்ப வாழ்க்கை முக்கால்வாசி ஃபோனில்தான் நடக்கிறது. சண்டையும் அதில்தான், சமாதானமும் அதில்தான். அந்தக் கடலோர ஊரில் எங்கள் கம்பெனி ஒரு கிளை திறக்கப்போகிறது, அதற்கு ஒரு மேனேஜர் வேண்டும் என்ற செய்தி வந்த அன்றே அவள் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

மேனேஜரைப் போடும் அதிகாரம் மண்டல அதிகாரியிடம் இருந்தது. அவர் பரிசீலனையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் பக்கத்து மேஜைக்காரன், ஆபீஸில் எல்லோருக்கும் 'தாடி'. தாடி இங்கே அப்போதுதான் வீடு கட்டி முடித்திருந்தான். பெயின்ட் வாசனை போவதற்குள் அவனை ஊரை விட்டுக் கிளப்பினால் அவன் மாமனார் அவனைச் சும்மா விடமாட்டார். ஆக, எனக்குப் போக வேண்டும், அவனுக்குப் போகக் கூடாது. இதைவிடச் சுலபமான கணக்கு ஆபீஸில் வந்ததே இல்லை என்று நினைத்தோம்.

அதிகாரி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"விஸ்கி பழக்கம் உண்டா?" என்றார் என்னைப் பார்த்து.

எந்தப் பதில் வேலையைக் கொடுக்கும் என்று தெரியாததால், "உண்டு சார்... இல்ல சார்... தேவைப்பட்டா உண்டு சார்," என்றேன்.

"எனக்கு உண்டு சார்," என்றான் தாடி.

"நான் தலைவரா இருக்கற சுவைஞர் மன்றத்துல ரெண்டு பேரும் சேருங்க. ஒருத்தரோட நாக்கு தெரியாம அவர் தராதரம் எனக்குத் தெரியாது. கோடையில தேர்வு வரும். அது முடியட்டும், யாரை எங்க வைக்கணும்னு அப்புறம் முடிவு பண்றேன்."

வெளியே வந்ததும், "ஓசியில ஊத்துறாங்கய்யா," என்றான் தாடி. அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை, புது வீட்டுக்குக் கரண்ட் வந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை.

மன்றம் நடந்தது ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில். பல் டாக்டர்தான் மன்றச் செயலாளர். தோல் நாற்காலிகள், தடித்த கம்பளம், சுவரில் பீப்பாய்ப் படங்கள், மூலையில் கீழ்த்தளத்திலிருந்து ஏற்றிவந்த, நோயாளிகள் வாய் கொப்பளிக்கும் பீங்கான் கிண்ணங்கள். எந்த நாட்டு விஸ்கியாக இருந்தாலும் அதன் அடியில் மெல்லிய கிராம்பு வாசனை உண்டு என்பது இந்த மன்றத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு. வேறு எந்த ஊர் மன்றமும் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதில் அவர்களுக்கு அளவு கடந்த பெருமை. கீழே நாள் முழுக்கச் சொத்தைப் பல்லில் கிராம்பு எண்ணெய் வைக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் நான் மேனேஜர் ஆக வேண்டியவன். தோன்றியதையெல்லாம் சொல்கிற நிலையில் இல்லை.

முதல் நாள் தலைவர் வரவேற்புரை ஆற்றினார். ஆபீஸில் சாதாரணமாகப் பேசுகிறவர், மன்றத்துக்குள் வந்தால் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார்.

"நண்பர்களே, விஸ்கி குடிப்பதற்கல்ல. குடிப்பதற்குத் தண்ணீர் இருக்கிறது. நம் மன்றத்தில் மூன்று படிகள் உண்டு. முகர்வோர், நனைப்போர், விழுங்குவோர். முகர்வோர் முகரலாம். நனைப்போர் நாக்கை நனைத்து உமிழலாம். விழுங்குவோர் மட்டுமே, மற்றவர்களின் நன்மைக்காக, விழுங்கும் சுமையை ஏற்கிறார்கள். இந்தச் சுமையை நான் இருபது வருடமாகச் சுமக்கிறேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். தாடி, முகரக் கொடுத்த கோப்பையை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கைதட்டினான்.

அறையே உறைந்துபோனது. பல் டாக்டர் நெஞ்சில் கை வைத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தாடிக்குத் தண்டனையாக அடுத்த சில வாரங்களுக்கு வெறும் கோப்பை கொடுத்தார்கள். அதையும் அவன் ஆசையாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் முறை வந்தது. மூக்கைக் கோப்பைக்குள் விட்டு இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்குத் தெரிந்த வாசனைகள் குறைவு. வாரக்கடைசியில் ரயில் இறங்கி மனைவியைக் கூட்டிவரப் போகும்போது வாசலிலேயே மூக்கில் ஏறும் வாசனை ஞாபகத்துக்கு வந்தது.

"ஆஸ்பத்திரி வாசனை வருது," என்றேன்.

மறுபடி அறை உறைந்தது.

"அது யாருடைய சொல் தெரியுமா?" என்றார் தலைவர் மெதுவாக.

அப்போதுதான் மன்றத்தின் அடிப்படைச் சட்டம் எனக்கு விளங்கியது. இங்கே சொற்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஒருவர் விஸ்கியில் ஒரு வாசனையைக் கண்டு சொல்லிவிட்டால் அந்தச் சொல் ஆயுளுக்கும் அவருடையது. வேறு யாரும் அந்த வாசனையை நுகரக் கூடாது. நுகர்ந்தாலும் வெளியே சொல்லக் கூடாது. 'தேன்' தலைவருடையது, அவர் அப்பாவிடமிருந்து வந்தது. 'புகை', 'பழுத்த ஆப்பிள்', 'மழையில் நனைந்த மண்' எல்லாம் அவருடையவையே. 'கிராம்பு', 'ஆஸ்பத்திரி' பல் டாக்டருக்கு. 'பென்சில் சீவிய தூள்' ஒரு கட்டட இன்ஜினீயருக்கு. 'நனைந்த நாய்' மட்டும் நீண்ட நாளாகத் தகராறில் இருந்தது. முதலில் சொன்னவர் ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி. ஆனால் நாய் வைத்திருப்பவன் நான்தானே என்று இன்ஜினீயர் விடாமல் வாதாடிக்கொண்டிருந்தார்.

"சொல்லைப் பங்கு போடாமல் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்லலாம் என்று விட்டால் என்ன ஆகும்?" என்று தலைவர் எங்களைக் கேட்டார். "எல்லோருக்கும் ஒரே வாசனை வரும். அப்புறம் மன்றம் எதற்கு, தலைவர் எதற்கு?"

தேர்வு என்பதும் இதுதான். இதுவரை யாரும் சொல்லாத ஒரு வாசனையை விஸ்கியில் கண்டு சொல்ல வேண்டும். சொன்னவருக்குப் படி உயர்வு.

கூட்டம் முடிந்ததும் விழுங்குவோர் மட்டும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதற்கு ஆய்வுக் கூட்டம் என்று பெயர். உள்ளே கோப்பைகள் மோதும் ஓசையும், பேங்க் அதிகாரி பாடும் ஓசையும், யாரோ அழும் ஓசையும் கேட்கும். முகர்வோர் வெளியே காத்திருக்க வேண்டும். ஆய்வு முடிந்து வருகிறவர்களைக் கைத்தாங்கலாகப் படியிறக்கிக் காரில் உட்காரவைப்பது முகர்வோர் கடமை. தலைவர் ஆய்வில் மிகவும் ஆழமாக இறங்குகிறவர் என்பதால் அவருக்கு நாங்கள் இரண்டு பேர் தேவைப்பட்டோம். நான் தோள் பக்கம், தாடி கால் பக்கம். "இவர் என்னை எங்க வேணும்னாலும் தூக்கிப் போடுவாரு, நான் இவரை கார்லதான் போடணும்," என்பான் தாடி மூச்சு வாங்கிக்கொண்டே.

ஃபோனில் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன்.

"அதுவும் ஸ்பிரிட்தானேங்க," என்றாள். "நான் தினமும் கையில கொட்டிக் கழுவுறேன். என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிக் கொடுத்திருப்பேன்."

"அப்படிப் பேசாதே. இது பெரிய கலை."

"கலைதான். எனக்கு ரெண்டு ரூம் வீடு ஒண்ணு கிடைச்சிருக்கு, ஜன்னல்ல கடல் தெரியுது. அட்வான்ஸ் கொடுக்கட்டுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க."

கொடு என்றேன். அவ்வளவு நம்பிக்கை.

சொல் வேட்டையில் இறங்கினேன். வீட்டில், ஆபீஸில், பஸ்ஸில் என்று கண்டதையெல்லாம் முகர்ந்தேன். குடைத் துணி, சாவிக்கொத்து, பழைய பர்ஸ், லிஃப்டில் முன்னால் நின்றவரின் சட்டைக் காலர். அந்தக் காலர்காரர் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியில் போனேன். கண்டுபிடித்ததையெல்லாம் வெள்ளிக்கிழமை கொண்டுபோய்ச் சொன்னால், பல் டாக்டர் கண்ணை மூடி யோசித்து, "அது இருக்கு," என்பார். அவர்தான் சொற்காவலர். நனைந்த காலுறை இருக்கு. புது செருப்பு இருக்கு. பூட்டியே கிடந்த அலமாரி, அதுவும் இருக்கு, ஒருவர் இறந்தபோது மருமகனுக்குப் போயிற்று.

இதற்கிடையே அந்தப் பாஷை எனக்கு ஒட்டிக்கொண்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கடைக்கு வந்த ஒரு அம்மாவிடம் சமையலறைக் குழாயைக் காட்டி, "எடுத்ததும் மென்மையா இருக்கும். நடுவுல கொஞ்சம் திமிறும். கடைசி வரைக்கும் கையில ஒரு நினைவு நிக்கும்," என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி வருமா வராதாப்பா?" என்றார்.

விடுமுறையில் மனைவி வந்தாள். காலையில் டீ போட்டுக் கொடுத்தாள். கோப்பையைச் சுழற்றினேன், வெளிச்சத்தில் பிடித்தேன், மூக்கை விட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து பார்த்தாள்.

"முதல்ல தோல் வருது," என்றேன். "நடுவுல மரத்தூள். கடைசியில ஏதோ ஒரு இனிப்பு, அடியில படிஞ்ச மாதிரி..."

"சர்க்கரைங்க. கலக்க மறந்துட்டேன்."

ஸ்பூனை எடுத்துக் கலக்கிக் கொடுத்தாள். கிளம்பும்போது ரயில் ஜன்னலில் கையை நீட்டி என் மூக்கைப் பிடித்து, "இதை வெச்சுக்கிட்டு எப்படியாவது பாஸ் பண்ணுங்க, போதும். அங்க வந்த பிறகு நான் பழைய நிலைமைக்குக் கொண்டுவந்துக்கறேன்," என்றாள். எப்பாடு பட்டாவது ஒரு சொல்லைப் பிடித்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

சொல் கடைசியில் என் தொழிலிலேயே கிடைத்தது. புதுக் குழாயைப் பொருத்தி முதல்முறை திறந்ததும், காற்றும் தண்ணீருமாகச் சீறி வரும்போது ஒரு வாசனை வரும். புது உலோகமும் ரப்பர் வளையமும் கலந்த வாசனை. குழாய்க்காரனைத் தவிர யாருக்கும் அது தோன்றாது. மன்றத்தில் குழாய்க்காரர்கள் என்று பார்த்தால் தலைவர், நான், தாடி மூன்று பேர்தான். தலைவர் குழாயைத் தொட்டுப் பல காலம் ஆகிறது. தாடி வாசனை பிடிக்கிற ஆள் இல்லை. ஆபீஸ் பாத்ரூமில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தச் சொல்லைப் பலமுறை சொல்லிப் பழகினேன்.

தேர்வு நாள் வந்தது. முதலில் தாடியைக் கூப்பிட்டார்கள். தாடியின் திட்டம் தெளிவானது. எப்படியும் தோற்க வேண்டும், தோற்பதற்குள் ஒரு வாயாவது குடித்துவிட வேண்டும். கோப்பையை வாங்கினான், அண்ணாந்து கவிழ்த்தான், உதட்டைத் துடைத்தான்.

"என்ன தெரிந்தது?" என்றார் தலைவர்.

"நல்லா இருக்கு சார். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இவருக்கு நாக்கே இல்லை. வாய்க்கு அடுத்தது தொண்டைதான்," என்று தீர்ப்புச் சொன்னார். தாடி நிம்மதியாகப் போய் உட்கார்ந்து எனக்குக் கண்ணைக் காட்டினான். இனி எல்லாம் உன் கையில் என்று அர்த்தம்.

கோப்பையை வாங்கினேன். சுழற்றினேன். வெளிச்சத்தில் பிடித்தேன். மூக்கை விட்டு நிதானமாக எடுத்தேன். "புதுக் குழாயிலிருந்து முதல்முதலா சீறி வர்ற தண்ணி," என்றேன்.

அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நல்ல முணுமுணுப்பு. பல் டாக்டர் கண்ணை மூடினார். வெகுநேரம் மூடியே இருந்தார்.

"அது இருக்கு," என்றார். "ஈர உலோகம். இன்ஜினீயருடையது. குழாய், வாளி, படகு நங்கூரம் எல்லாம் அதில் அடங்கும்."

ஜன்னலில் கடல் தெரிகிற வீடும், கொடுத்த அட்வான்ஸும், ரயில் ஜன்னலில் நீண்ட கையும் கண் முன்னால் வந்தன.

"வேறு ஏதாவது தெரிகிறதா?" என்றார் தலைவர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. ஆய்வுக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

மறுபடி முகர்ந்தேன். ஒன்றுமே தோன்றவில்லை. மூளை துடைத்த பலகை மாதிரி ஆகிவிட்டது. பொய் சொல்லக்கூடச் சரக்கு தீர்ந்துபோனதால் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

"விஸ்கி வாசனை வருது சார்."

பல் டாக்டர் கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"இல்லை," என்றார் குரல் நடுங்க. "இது இல்லை. இதுவரை யாரும் சொன்னதில்லை."

"விஸ்கியில் விஸ்கி வாசனை எப்படி வரும்?" என்று இன்ஜினீயர் எழுந்தார். "ஏதோ தற்செயலாகக் கலந்திருக்க வேண்டும்."

"நான் முப்பது வருடமாக விழுங்குகிறேன்," என்றார் பேங்க் அதிகாரி. "சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு வாசனை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை."

எல்லோரும் கோப்பையை எடுத்து முகர்ந்தார்கள். அறை முழுக்க மூச்சு இழுக்கும் சத்தம். கடைசியில் பல் டாக்டர் கை தூக்கினார். "வருகிறது. லேசாக. கிராம்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது," என்றார். பேங்க் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் தெரியாமல் போயிற்றே என்று இன்ஜினீயரின் தோளில் சாய்ந்தார். நாய்த் தகராறு அந்த நிமிடமே தீர்ந்தது.

தலைவர் எழுந்தார்.

"நண்பர்களே, இது சரித்திரத் தருணம். ஆனால் இத்தனை பெரிய சொல்லை முகர்வோர் பிரிவில் இருக்கும் ஒருவர் கையில் விட்டுவைப்பது ஆபத்து. பாதுகாப்பைக் கருதி, எந்த ஆசையும் இல்லாமல், அந்தச் சொல்லை நானே வைத்துக்கொள்கிறேன். கண்டுபிடித்தவரை ஒரே தாவலில் விழுங்குவோர் ஆக்குகிறேன்."

கைதட்டல் எழுந்தது. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். தாடிதான் ரொம்ப நேரம் தட்டினான்.

அந்தச் சூட்டிலேயே தலைவர் கம்பெனி விஷயத்தையும் முடித்தார். "கிளை மேனேஜர் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் பார்க்காத வேலையா? அந்த ஊரில் மன்றம் இல்லை, பேச்சுத் துணைக்கு ஒரு சுவைஞர் இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு இந்த மாதிரி ஒரு மூக்கை அனுப்பினால் என்னை யாரும் மன்னிக்கமாட்டார்கள். இவர் என் பக்கத்திலேயே இருப்பார். அங்கே தாடி போகட்டும். அதுதான் அவருக்குச் சரியான தண்டனை."

தாடி தட்டிய கை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தான். சொல்லுய்யா, வாயைத் திறந்து சொல்லு என்று அவன் முகம் கெஞ்சியது.

சொல்லத்தான் எழுந்தேன். சார், எனக்கு அந்த ஊர்தான் வேணும், என் பொண்டாட்டி அங்கதான் இருக்கா. இவ்வளவுதான் விஷயம். இதற்கு எந்தச் சுவைஞர் மன்றத்தின் அனுமதியும் தேவையில்லை. ஆனால் அதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. மாதக்கணக்கில் நான் வெளியே நின்று பார்த்த கதவு. "உள்ள வாங்க," என்று தலைவர் என் தோளில் கை போட்டார். பல் டாக்டர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேங்க் அதிகாரி தன் நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார். என்னுடைய நாற்பது வயதில் எனக்காக யாரும் கதவைப் பிடித்ததும் இல்லை, நாற்காலியை நகர்த்தியதும் இல்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போனேன். கையில் ஒரு கோப்பை வந்தது. விழுங்கினேன். நன்றாகத்தான் இருந்தது.

அன்று தலைவரைத் தாடி ஒருவனே படியிறக்கினான்.

வெளியே வந்து தெருவிளக்கின் அடியில் நின்று மனைவிக்கு ஃபோன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"பாஸ் ஆயிட்டேன்."

அவள் சிரித்த சிரிப்பு தெருவில் போகிறவர்களுக்கே கேட்டிருக்கும். "வீட்டுக்காரங்ககிட்ட இப்பவே சொல்லிடறேன். எப்ப வர்றீங்க?"

"தாடி வர்றான்."

"யாரு?"

"தாடி. அவனைத்தான் அங்க மேனேஜரா போட்டிருக்காரு."

"அவரும் பாஸா?"

"இல்ல, ஃபெயில். ஃபெயில் ஆனதாலதான் போட்டிருக்காங்க."

பின்னால் ஆஸ்பத்திரியில் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் வந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?" என்றாள்.

"சொல்லத்தான் எழுந்தேன். எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. பேங்க்ல பெரிய அதிகாரியா இருந்தவரு, கண்ணுல தண்ணியே வந்திடுச்சு அவருக்கு. இதுவரைக்கும் யாருமே சொல்லாத சொல்லாம். அப்புறம் கதவைத் திறந்து..."

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கதவைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் முழுவதும் சொன்னேன். முடித்த பிறகுதான் எவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன் என்று உறைத்தது.

"ரொம்ப நேரம் தட்டினாங்களா?" என்றாள்.

"ஆமா."

"சரி. நேரத்தோட சாப்பிட்டுப் படுங்க. நாளைக்குப் போய் அட்வான்ஸைத் திருப்பி வாங்கணும், எனக்கு வேலை இருக்கு."

ஃபோனை வைத்துவிட்டாள். உடனே திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். தலைவர் வீட்டுக்கே ஓடி, அவரைத் தட்டி எழுப்பி, எனக்கு மூக்கும் இல்லை நாக்கும் இல்லை என்று கதறியிருக்க வேண்டும். நான் அந்த விளக்கடியிலேயே நின்று, அவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியதை இன்னொரு தரம் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.